அரை லிட்டர் நீரில் ஒரு கிலோ மிதக்குமா?

கேள்வி, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரிடமிருந்து:

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை வெளியேற்றும் என்று படித்தோம். அப்படியென்றால் ஒரு கிலோ பொருள் மிதக்க ஒரு கிலோ நீர் வெளியேற வேண்டும். பாத்திரத்தில் மொத்தமே அரை லிட்டர் நீர்தான் இருக்கிறது என்றால் அது மிதக்கவே முடியாது, சரிதானே? வகுப்பில் பாதிப் பேர் முடியும் என்கிறார்கள், பாதிப் பேர் முடியாது என்கிறார்கள். காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 3

முடியும். அரை லிட்டர்கூட வேண்டாம், அதில் கால் பங்கு போதும்.

நேராக நிற்கும் ஒரு கண்ணாடி ஜாடி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மிக நெருக்கமாக, பக்கவாட்டில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு நுழையக்கூடிய இன்னொரு டம்ளர் வேண்டும். உள் டம்ளரில் மணல் போட்டு மொத்தம் ஒரு கிலோ ஆக்குங்கள். ஜாடியில் கொஞ்சம் நீர் ஊற்றி டம்ளரை உள்ளே இறக்கினால் நீர் அந்த இடுக்கில் ஏறும். ஏறிக்கொண்டே போய் ஓர் உயரத்தில் நிற்கும். அப்போது டம்ளரை விரலால் லேசாகச் சுழற்றிப் பாருங்கள், தடையே இல்லாமல் சுற்றும். அடியைத் தொடவில்லை, மிதக்கிறது.

விதி சொல்லும் "வெளியேற்றப்பட்ட நீர்" ஜாடியிலிருந்து வெளியே வழிந்திருக்க வேண்டியதில்லை. அந்த நீர் எங்குமே இல்லாமலும் இருக்கலாம். கணக்கில் வருவது ஒன்றுதான்: நீர்மட்டத்துக்குக் கீழே பொருள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது? அந்த இடத்தை நீரால் நிரப்பினால் எவ்வளவு எடை இருக்கும்?

ஜூன் 3, இரவு

எண்களைப் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள்.

ஜாடியின் உள் ஆரம் 5 சென்டிமீட்டர். டம்ளரின் வெளி ஆரம் 4.8. டம்ளரின் அடிப்பரப்பு ஏறத்தாழ 72.4 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோவைத் தாங்க 1000 கன சென்டிமீட்டர் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே போக வேண்டும். 1000ஐ 72.4ஆல் வகுத்தால் 13.8 சென்டிமீட்டர் ஆழம்.

இப்போது நீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். இடுக்கின் குறுக்குப் பரப்பு 6.2 சதுர சென்டிமீட்டர்தான். அதை 13.8ஆல் பெருக்கினால் 85 மில்லிலிட்டர். டம்ளருக்கு அடியில் அரை சென்டிமீட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால் இன்னொரு 39. மொத்தம் சுமார் 125 மில்லிலிட்டர். ஒரு கிலோவை எட்டில் ஒரு பங்கு நீர் தாங்குகிறது. இடுக்கை இன்னும் குறுக்கினால் இன்னும் குறைந்த நீர் போதும். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் கப்பலின் வடிவத்துக்கு ஒட்டினாற்போலத் தொட்டி கட்டினாலும் இதே கதைதான்: கப்பலின் எடையைவிடப் பல மடங்கு குறைவான நீரில் கப்பல் மிதக்கும்.

ஜூன் 4

ஒருவர் கேட்கிறார்: "125 கிராம் நீர் ஒரு கிலோவை எப்படித் தூக்கும்? ஆற்றல் அழியாவிதிக்கே விரோதமாக இருக்கிறதே."

நல்ல சந்தேகம். தூக்குவது வேறு, தாங்குவது வேறு. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு ஆற்றல் செலவாவதில்லை. ஆனால் விசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த இழையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதைத்தான்: மிதப்பு விசை என்று தனியாக ஒரு விசை இயற்கையில் கிடையாது. இருப்பது நீரின் அழுத்தம் மட்டும். கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசத்துக்கு நாம் வைத்த பெயர்தான் மிதப்பு விசை.

10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை நீருக்குள் பிடித்திருக்கிறோம். மேல்முகம் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், கீழ்முகம் 30 சென்டிமீட்டர் ஆழத்தில். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். மேல்முகத்தில் நீரால் வரும் அழுத்தம் 2000 பாஸ்கல், கீழ்முகத்தில் 3000. முகத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர். ஆக மேலிருந்து கீழே தள்ளும் விசை 20 நியூட்டன், கீழிருந்து மேலே தள்ளுவது 30. மிச்சம் 10 நியூட்டன் மேல்நோக்கி. ஒரு லிட்டர் நீரின் எடையும் 10 நியூட்டன்தான்.

இதே கனசதுரத்தை ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். மேலே 100 நியூட்டன், கீழே 110. வித்தியாசம் அதே 10. ஆழம் கூடினால் மிதப்பு விசை கூடும் என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் அழுத்தத்தையும் அழுத்த வித்தியாசத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். பக்கச் சுவர்களில் வரும் விசைகள் எதிரெதிரே ஒன்றையொன்று அடித்துவிடும்.

சரி, ஜாடிக்கு வருவோம். 13.8 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1380 பாஸ்கல். டம்ளரின் அடிப்பரப்பு 0.00724 சதுர மீட்டர். பெருக்கினால் 10 நியூட்டன், அதாவது ஒரு கிலோவின் எடை. இந்தக் கணக்கில் நீரின் மொத்த அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆழம் மட்டும்தான் வருகிறது. ஆழம் கிடைத்தால் போதும், நீர் மெல்லிய படலமாக இருந்தாலும் அதே அழுத்தம்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். டம்ளரின் எடை கடைசியில் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஜாடியின் அடித்தளம் 14.3 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1123 கிராம் நீருக்கு உரிய விசை. உண்மையில் நீர் 125 கிராம்தான், மீதி ஏறத்தாழ ஆயிரமும் டம்ளரின் எடை. மேசைக்கு எல்லாமே கணக்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த விதியும் மீறப்படவில்லை.

ஜூன் 6

"கனசதுரத்துக்குச் சரி. உருளைக்கிழங்கு மாதிரிக் கோணல்மாணலாக இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தத்தைக் கூட்டிக் கழிக்க முடியுமா?"

முடியும், ஆனால் அவ்வளவு பாடு வேண்டாம். பிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586இல் எழுதிய நீர்நிலையியல் நூலில் உள்ள சிந்தனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அசையாத நீருக்குள், அந்தக் கோணல் பொருளின் அதே வடிவத்தில் ஒரு நீர்த்துண்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அந்த நீர்த்துண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அதற்கு எடை இருக்கிறது. ஆகவே சுற்றியுள்ள நீர் அதை அதன் எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்தத் துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரும்பை வையுங்கள், மரத்தை வையுங்கள். சுற்றியுள்ள நீருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. அது அதே அழுத்தத்தோடுதான் தள்ளும். முடிந்தது நிரூபணம். ஒரு சமன்பாடுகூட வரவில்லை.

பள்ளி இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். விதியை மனப்பாடம் செய்த மாணவன் அதை மறந்துவிடலாம். இந்த நீர்த்துண்டை ஒருமுறை கண்டவன் மறக்க மாட்டான்.

ஜூன் 7

நேற்றைய நிரூபணத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் இருக்க வேண்டும். அடியில் நீர் இல்லையென்றால்?

தொட்டியின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். அதற்கு மேலே 30 சென்டிமீட்டர் நீர், கீழே வெறும் காற்று. மூடியின் ஆரம் 2 சென்டிமீட்டர் என்றால் நீர் அதைச் சுமார் 3.8 நியூட்டன் விசையோடு கீழே அமுக்குகிறது. மூடி நீருக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் மேலே தள்ளும் விசை இல்லை. கையால் இழுக்கும்போது முதலில் விடாப்பிடியாக இருந்து, ஓரம் விட்டதும் சட்டென்று லேசாகிவிடுவது இதனால்தான். அந்த நொடியில் அடிப்பக்கமும் நீர் புகுந்துவிடுகிறது.

வகுப்பில் செய்யத் தோதானது மெழுகுக் கட்டி. ஒரு முகத்தை நன்றாகத் தட்டையாக்கி, தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்தால் மெழுகு அடியிலேயே கிடக்கும். பிள்ளைகள் நம்பாமல் முகத்தை அருகே கொண்டுவருவார்கள். ஓரத்தில் நீர் மெல்லக் கசிந்து உள்ளே ஊர்ந்ததும் மெழுகு மேலே பாயும். முகம் சொரசொரப்பாக இருந்தால் இது நடக்காது, கை எடுத்ததும் எழும்பிவிடும். அதையும் செய்து காட்டுவது நல்லது. இரண்டு முறையும் அடர்த்தி ஒன்றுதான், அடியில் நீர் போயிற்றா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. "அடர்த்தி குறைந்தது மிதக்கும்" என்பதோடு பாடத்தை நிறுத்திவிட்டால் இந்த மெழுகுக்கு விளக்கம் கிடைக்காது. கடலடிச் சேற்றில் புதைந்த நீர்மூழ்கிக்கும் இதே சங்கடம்தான், சேறு விடும்வரை எழும்ப முடியாது.

ஜூன் 7, இரவு

"இரும்பு ஊசி நீர்மேல் மிதக்கிறதே, அதன் அடர்த்தி நீரைப்போல ஏழெட்டு மடங்கு ஆயிற்றே?" அது பரப்பு இழுவிசை. நீரின் மேற்பரப்பு ஊசிக்கு அடியில் குழிந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள், ஊசி மூழ்கும். கப்பலைச் சுற்றி எவ்வளவு சோப்பு போட்டாலும் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது.

ஜூன் 9

ஓர் ஆசிரியர், செலவில்லாமல் மிதப்பு விசையை அளக்க வழி கேட்டிருக்கிறார். சுருள்வில் தராசில் கல்லைக் கட்டி நீரில் இறக்கும் சோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, தராசைக் கல்லுக்கு மேலே வைக்காமல் நீருக்கு அடியில் வைப்பது.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பாதி நீருள்ள டம்ளரை அதன்மேல் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கல்லை நூலில் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். கல் 250 கிராம், பருமன் 100 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் நுனி நீரைத் தொட்டதும் தராசு அசையத் தொடங்கும். 10, 30, 65 என்று ஏறும். கல் முழுவதும் மூழ்கியதும் 100இல் நிற்கும். அதன்பிறகு இன்னும் கீழே இறக்கினாலும் 100தான். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, கல் ஆழத்தில் போகப் போக எண் ஏன் மாறவில்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிறகு கல்லை அடியில் உட்காரவிடுங்கள். நூல் தளரத் தளர எண் மறுபடி ஏறி 250இல் போய் நிற்கும்.

நீர் கல்லை 100 கிராம் எடையளவு மேலே தள்ளுகிறது. கல் நீரை அதே அளவு கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி தராசின் திரையில் எண்ணாகத் தெரிகிறது. இதையும் அழுத்தத்தின் வழியாகவே பார்க்கலாம்: கல் உள்ளே போனதும் நீர்மட்டம் ஏறியது, அடித்தளத்தில் ஆழம் கூடியது, அழுத்தம் கூடியது.

உபரியாக ஒரு பயனும் உண்டு. எந்த வடிவப் பொருளானாலும் தராசு காட்டும் கிராமே கன சென்டிமீட்டரில் அதன் பருமன். காற்றில் எடை போட்டு, இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அளவு சாடியின் கோடுகளைக் கண் சுருக்கிப் படிப்பதைவிட இது மிகத் துல்லியம்.

ஜூன் 10

துல்லியம் என்றதும் கிரீடக் கதை கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மன்னரின் தங்கக் கிரீடத்தில் பொற்கொல்லர் தங்கத்தைத் திருடிவிட்டு வெள்ளி கலந்தாரா என்பதை, கிரீடம் வழியவைக்கும் நீரை அளந்தே கண்டுபிடிக்கலாம் என்று தோன்றியதும் ஆர்க்கிமிடிஸ் குளியல் தொட்டியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிய கதை. அவர் சிராக்கூசில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மிதக்கும் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய நூல் நம் கைக்கு வந்திருக்கிறது. அதில் கிரீடம் இல்லை. கதையைச் சொன்னவர் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஆர்க்கிமிடிசுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து.

கதையில் உள்ளபடி வழிந்த நீரை அளந்தால் திருட்டு பிடிபடுமா? போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தூய தங்கம், அடர்த்தி 19.3, பருமன் 51.8 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளி கலந்திருந்தால், வெள்ளியின் அடர்த்தி 10.5, மொத்தப் பருமன் 64.8. வித்தியாசம் 13 கன சென்டிமீட்டர். கிரீடம் நுழையும் பாத்திரம் 20 சென்டிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். அதில் 13 கன சென்டிமீட்டர் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மட்ட வேறுபாடு. கிரீடத்தில் ஒட்டிய குமிழிகளும், விளிம்பில் நீர் பிதுங்கி நிற்பதும் அதை விழுங்கிவிடும்.

கலிலியோ தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1586இல், இதைத்தான் யோசித்தார். தராசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் அதே எடையுள்ள தங்கக் கட்டி. காற்றில் சமநிலை. இரண்டையும் அப்படியே நீருக்குள் இறக்கினால் பருமன் கூடிய பக்கம் அதிகமாக மேலே தள்ளப்படும். நம் கணக்கில் 13 கிராம் வித்தியாசம். சாதாரணத் தராசுக்கே அது பெரிய எண். அரை மில்லிமீட்டரைத் தேடித் தடுமாறிய இடத்தில் முள் பளிச்சென்று ஒரு பக்கம் சாயும். ஆர்க்கிமிடிஸ் போன்ற ஒருவர் இப்படித்தான் செய்திருப்பார் என்று கலிலியோ நினைத்தார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

ஸ்டெவினுக்கும் கலிலியோவுக்கும் ஆண்டு ஒன்றாக இருப்பதை ஒருவர் தட்டச்சுப் பிழையா என்று கேட்டார். பிழையில்லை, இரண்டும் 1586தான்.

ஜூன் 12

படகுப் புதிரை யாராவது கொண்டுவருவீர்கள் என்று காத்திருந்தேன். குளத்தில் படகு, படகில் கல். கல்லை எடுத்து நீரில் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா?

இறங்கும். நம் 250 கிராம் கல்லே உதாரணத்துக்குப் போதும். படகில் இருக்கும்போது கல்லின் எடையைத் தாங்கப் படகு 250 கன சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்திருக்கிறது. அடியில் கிடக்கும்போது கல் பிடிப்பது தன் பருமனான 100 மட்டும். 150 குறைந்துவிட்டது. 300 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பாத்திரத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தைப் படகாக விட்டுச் செய்தால் மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுச் செய்யுங்கள். கல்லுக்குப் பதில் மரத்துண்டைப் போட்டால் கோடு அங்கேயே இருக்கும். மரம் படகில் இருந்தாலும் நீரில் மிதந்தாலும் தாங்க வேண்டிய எடை ஒன்றுதான்.

பனிக்கட்டி உருகினால் மட்டம் ஏறுமா என்பதும் இதே குடும்பம். நன்னீரில் மிதக்கும் கட்டி உருகினால் மட்டம் மாறாது. உருகிய நீர், கட்டி பிடித்திருந்த இடத்தைச் சரியாக நிரப்பும். ஆனால் உப்புநீரில் கொஞ்சம் ஏறும். கடல்நீரின் அடர்த்தி 1025 என்றால் ஒரு கிலோ பனிக்கட்டி பிடிக்கும் இடம் 976 கன சென்டிமீட்டர். உருகினால் 1000 கன சென்டிமீட்டர் நன்னீர் வரும். மீதி 24. பனிக்கட்டிக்குள் கூழாங்கல் ஒன்று உறைந்திருந்து, கட்டியும் மிதந்துகொண்டிருந்தால்? உருகும்போது என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள், படகுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிது.

ஜூன் 12, இரவு

பதிலுக்கு நான் ஒரு புதிர் போடுகிறேன். ஒரே மாதிரி இரண்டு குவளைகள், சமத் தராசின் இரு தட்டுகளில். இரண்டிலும் ஒரே அளவு நீர். முதல் குவளையின் அடியில் நூலால் கட்டிய மேசைப்பந்து, நீருக்குள் முழுக மூழ்கி மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதில் அதே அளவு எஃகுக் குண்டு, வெளியே தனியாக நிற்கும் தாங்கியிலிருந்து நூலில் தொங்கி, நீருக்குள் முழுக மூழ்கி, அடியைத் தொடாமல் இருக்கிறது. இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றே. எந்தத் தட்டு இறங்கும்? ஜூன் 9 குறிப்பைப் படித்துவிட்டு யோசியுங்கள்.

ஜூன் 14

"மூழ்கிய கப்பல் கடலடிவரை போகாது, பாதி ஆழத்தில் நீர் கெட்டியாகி அங்கேயே அந்தரத்தில் நிற்கும் என்று கேள்விப்பட்டேன்." இது பல காலமாகச் சுற்றும் பேச்சு. நீர் அவ்வளவு எளிதில் நசுங்காது. கடலின் மிக ஆழமான இடம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர், அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். ஆனாலும் நீரின் அடர்த்தி ஐந்து விழுக்காடு அளவுக்குத்தான் கூடியிருக்கும். எஃகின் அடர்த்தி 7850. அது நிற்க வாய்ப்பே இல்லை. உள்ளே காற்று சிக்கியிருந்தாலும் ஆழம் போகப் போக அந்தக் காற்று நசுங்கும், பிடித்திருக்கும் இடம் குறையும், கப்பல் இன்னும் வேகமாகத்தான் இறங்கும்.

காற்று நசுங்குவதைக் கண்ணால் பார்க்க ஒளி ஊடுருவும் பேனா மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே துளை இருந்தால் அடைத்துவிட்டு, வாய்ப்பக்கம் சிறிது களிமண் ஒட்டி, நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்கவிடுங்கள். பாட்டிலில் நீரை விளிம்புவரை நிரப்பி, மூடியை உள்ளே விட்டு இறுக்கி மூடுங்கள். பாட்டிலை அமுக்கினால் பேனா மூடி இறங்கும், விட்டால் ஏறும். கார்டீசியன் மூழ்கி என்று பாடநூலில் இருப்பது இதுதான். பலரும் அது இறங்குவதை மட்டும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது மூடிக்குள் இருக்கும் நீர்க்கோடு. அமுக்கும்போது அந்தக் கோடு மேலே ஏறும், காற்றுத் தூண் குறுகும். குறுகுவதுதான் முதலில், இறங்குவது அப்புறம்.

உயரமான பாட்டிலில் களிமண்ணை மிகச் சரியாக அளந்து வைத்தால் இன்னொரு விந்தையும் நடக்கும்: அடிவரை போன மூடி, கையை எடுத்த பிறகும் அங்கேயே தங்கிவிடும். ஆழத்தின் அழுத்தமே காற்றைக் குறுக்கி வைத்திருக்கப் போதுமாகிவிடுகிறது. காற்றுப்பை உள்ள மீனுக்கும் நீரடியில் நீந்தும் மனிதருக்கும் இது நிஜமான தொல்லை. கொஞ்சம் இறங்கினால் இன்னும் இறங்கத் தோன்றும், கொஞ்சம் ஏறினால் இன்னும் ஏறத் தோன்றும். மீன் பையிலுள்ள வாயுவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 15

கப்பல் கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குள் வந்தால் கூடுதலாக அமிழும். எடை மாறவில்லை, நீரின் அடர்த்தி 1025இலிருந்து 1000க்கு இறங்கிவிட்டது, ஆகவே இரண்டரை விழுக்காடு கூடுதல் இடம் பிடிக்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டில் நன்னீருக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒரு கோடு, குளிர்காலத்துக்கு ஒரு கோடு என்று வரைந்திருப்பது இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகளை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடி, 1876இல் அந்தக் கோடு சட்டமாயிற்று. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தால் உயிர் பிழைத்தவர்கள் பட்டியல் யாரிடமும் இல்லை, இருந்தால் மிக நீளமாக இருக்கும்.

ஜூன் 17

காற்று, பலூன், நிலா என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாக.

காற்றும் பாய்மம்தான், அதுவும் தள்ளும். பூச்சியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.29 கிலோ. ஹீலியம் 0.18, ஹைட்ரஜன் 0.09. ஹைட்ரஜனின் அடர்த்தி ஹீலியத்தில் பாதி, அதனால் இரண்டு மடங்கு தூக்கும் என்று எழுதியவருக்கு: தூக்குவது காற்று, உள்ளே இருக்கும் வாயு அல்ல. கழித்துப் பாருங்கள். ஹீலியத்துக்கு 1.11, ஹைட்ரஜனுக்கு 1.20. எட்டு விழுக்காடு வித்தியாசம், அவ்வளவுதான். அந்த எட்டு விழுக்காட்டுக்காகத் தீப்பிடிக்கும் வாயுவை நிரப்ப வேண்டியதில்லை.

வண்டி சட்டென்று வேகமெடுக்கும்போது நாம் பின்னால் சாய்கிறோம். உள்ளே நூலில் கட்டியிருக்கும் ஹீலியம் பலூன் முன்னால் சாயும். வண்டிக்குள் இருக்கும் காற்றும் பின்னால் ஒதுங்கப் பார்க்கிறது, பின்பக்கம் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. ஜூன் 4இல் கீழ்முகம், மேல்முகம் என்று பார்த்ததை இங்கே பின்முகம், முன்முகம் என்று படியுங்கள். பலூன் கிடைக்காவிட்டால் நீர் நிறைந்த பாட்டிலில் ஒரு சிறு காற்றுக் குமிழியை விட்டு மூடி, மேசைமேல் படுக்க வைத்து முன்னால் தள்ளுங்கள். குமிழி நீங்கள் தள்ளும் திசையில் ஓடும்.

நிலாவில் கப்பல் ஆழமாக மூழ்குமா? அங்கே ஒரு நீர்த்தொட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் பார்த்தால், இங்கே எந்தக் கோடுவரை அமிழ்ந்ததோ அங்கேயும் அதே கோடுதான். பொருளின் எடை ஆறில் ஒன்றானது, நீரின் அழுத்தமும் ஆறில் ஒன்றானது. ஆனால் மேலும் கீழும் ஆடவிட்டால் ஆட்டம் மெதுவாக இருக்கும்.

விண்வெளி நிலையத்தில்? அங்கே எல்லாம் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் ஆழம் போனால் அழுத்தம் கூடுவது என்பதே இல்லை. வித்தியாசம் இல்லையென்றால் மிதப்பும் இல்லை. நீருக்குள் விட்ட காற்றுக் குமிழி விட்ட இடத்திலேயே நிற்கும். மெழுகுவர்த்திச் சுடர்கூட மேலே நீளாமல் உருண்டையாக எரியும், சூடான காற்றை மேலே தள்ள அங்கே ஏதும் இல்லை. ஆர்க்கிமிடிஸ் தத்துவம் அங்கே பொய்த்துவிடுகிறதா என்று கேட்டால், இல்லை. மிதப்பு விசை வெளியேற்றிய பாய்மத்தின் எடைக்குச் சமம் என்றுதான் அது சொல்கிறது. அங்கே அந்த எடையே தோன்றுவதில்லை.

ஜூன் 19

புதிருக்கு விடை. இருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், நாலைந்து பேர் "நீர்மட்டம் சமம், அதனால் தட்டும் சமம்" என்று வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தில் பாதி சரி. மட்டம் சமம் என்பதால் நீர் இரு குவளைகளின் அடித்தளத்தையும் ஒரே விசையோடுதான் அமுக்குகிறது. விட்டுப்போனது முதல் குவளையின் நூல். அது அடித்தளத்தில் கட்டப்பட்டிருக்கிறது, பந்து அதன் வழியாகக் குவளையை மேலே இழுக்கிறது.

40 மில்லிமீட்டர் பந்தின் பருமன் 33.5 கன சென்டிமீட்டர், நிறை 2.7 கிராம். நீர் இரண்டிலும் ஒரே அளவு, அதை விட்டுவிடலாம். எஃகுக் குண்டு இருக்கும் தட்டில், நீரைத் தவிரக் கூடுதலாக 33.5 கிராம். குண்டின் மீதி எடையை வெளியே உள்ள தாங்கி சுமக்கிறது. மேசைப்பந்து இருக்கும் தட்டிலும் நீர் அடித்தளத்தை அதே 33.5 கூடுதலாக அமுக்குகிறது, ஆனால் நூல் 30.8 கிராம் அளவு மேலே இழுத்துவிடுகிறது. மிச்சம் 2.7, அதாவது பந்தின் சொந்த எடை மட்டும். எஃகுக் குண்டின் தட்டுதான் இறங்கும். முதல் குவளையின் நூலை அறுத்துவிட்டால் பந்து மேலே வந்து மிதக்கும், அந்தப் பக்கத்து நீர்மட்டம் இறங்கும், தராசு மட்டும் இம்மியும் அசையாது.